அந்நிய நெருப்பு (யூதம்)

அந்நிய நெருப்பு (எபிரேயம்: ஏஷ் ஸாரா) என்பது எபிரேய விவிலியத்தின் லேவியராகமம் 10ஆம் அதிகாரத்தில் இடம்பெறும் ஒரு சொற்றொடர் ஆகும். தலைமைக் குரு ஆரோனின் மூத்த புதல்வர்களான நாதாப், அபியூ ஆகிய இருவரும் இறைவன் கட்டளையிடாத நெருப்பைத் தம் தூபகலசங்களில் ஏந்தி இறைமுன்னிலைக்குச் சென்று இறந்த நிகழ்வை இது குறிக்கின்றது. அவர்கள் வேறு தெய்வத்தை வணங்கவில்லை. தாம் நம்பிய அதே இறைவனுக்கே தூபம் காட்டினர். எனினும் அச்செயல் ஏற்கப்படவில்லை.

இதனால் இந்நிகழ்வு யூத சமயச் சிந்தனையில் ஒரு அடிப்படைக் கேள்வியோடு இணைக்கப்பட்டுள்ளது. இறைவனுக்குத் தொண்டு செய்பவர் தமக்குச் சிறந்ததாகத் தோன்றும் வழியில் செய்வதா, அல்லது இறைவன் கேட்ட வழியில் செய்வதா என்பதே அக்கேள்வி. யூத மரபின் பெரும்பகுதி இரண்டாவதையே தொண்டாகக் கொள்கின்றது. ஆயினும் நாதாப், அபியூ ஆகியோரின் ஆர்வத்தை அம்மரபு முற்றாக இகழ்ந்து ஒதுக்கவும் இல்லை. இந்த இருநிலை, இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் உரைகளில் தெளிவாகக் காணப்படுகின்றது.

சொற்பொருள்

எபிரேய மொழியில் 'ஏஷ்' என்பது நெருப்பு. 'ஸாரா' என்பது அயலானது, உரியதல்லாதது என்னும் பொருளுடைய பெண்பால் சொல். இதன் ஆண்பால் வடிவமான 'ஸார்', குருமரபில் பிறவாதவரைக் குறிக்கவும் தோராவில் பயன்படுகின்றது. யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில், தூபபீடத்தின் மீது 'அந்நிய தூபம்' படைக்கக்கூடாது என்ற தடையிலும் இதே சொல் வருகின்றது. பிற்காலத்தில் பிறதெய்வ வழிபாட்டைக் குறிக்க வழங்கிய 'அவோதா ஸாரா' என்ற தொடரும் இச்சொல்லைக் கொண்டதே. தல்மூதின் ஒரு தொகுதிக்கு அதுவே பெயராகும்.

'அவோதா' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. உழைப்பு, ஊழியம், கோயிற்பணி, வழிபாடு ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். ஊழியன் என்னும் பொருளுடைய 'எவெத்' என்பதும் அதே வேரிலிருந்து பிறந்தது. எனவே எபிரேயத்தில் வழிபாடு என்ற கருத்திலேயே பிறர் ஏவிய பணியைச் செய்தல் என்ற பொருள் அடங்கியுள்ளது.

விவிலியச் செய்தி

பின்னணி

எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலர், பாலைவனத்தில் தம்மோடு எடுத்துச் செல்லத்தக்க ஒரு சந்திப்புக் கூடாரத்தை அமைத்தனர். அதன் அளவுகள், துணிகள், உலோகங்கள், பாத்திரங்கள் யாவும் யாத்திராகமத்தில் விரிவாக விதிக்கப்பட்டுள்ளன. கட்டுமானம் முடிவுறுவதை விவரிக்கும் பகுதிகளில், மோசேக்கு இறைவன் கட்டளையிட்டபடியே ஒவ்வொன்றும் செய்யப்பட்டது என்ற குறிப்பு மீண்டும் மீண்டும் வருகின்றது. குருக்களைத் திருநிலைப்படுத்திய ஏழு நாட்களை விவரிக்கும் லேவியராகமம் 8ஆம் அதிகாரத்திலும் இதே குறிப்பு ஒரு பல்லவிபோல் அமைந்துள்ளது.

நாதாபும் அபியூவும் எளியவர்கள் அல்லர். ஆரோனுக்கும் அம்மினதாபின் மகள் எலிசேபாளுக்கும் பிறந்த நால்வருள் மூத்தவர்கள். யாத்திராகமம் 24ஆம் அதிகாரத்தின்படி, மோசே, ஆரோன், எழுபது மூப்பர்கள் ஆகியோருடன் சீனாய் மலையில் ஏறி இறைக்காட்சி பெற்றவர்களுள் இவ்விருவரும் அடங்குவர்.

நிகழ்வு

எட்டாம் நாளில் ஆரோன் முதன்முறையாகப் பலிகளைச் செலுத்தினார். ரபிகளின் மரபுப்படி அந்நாள் நிசான் மாதத்தின் முதல் நாள் ஆகும். இறைமுன்னிலையிலிருந்து நெருப்புப் புறப்பட்டுப் பலிபீடத்தின் மீதிருந்தவற்றை எரித்தது. மக்கள் ஆர்ப்பரித்து முகங்குப்புற விழுந்தனர்.

அடுத்த வசனத்திலேயே நாதாபும் அபியூவும் தத்தம் தூபகலசத்தை எடுத்து, நெருப்பும் தூபமும் இட்டு, தமக்குக் கட்டளையிடப்படாத அந்நிய நெருப்பைக் கொண்டுவந்தனர். மீண்டும் இறைமுன்னிலையிலிருந்து நெருப்புப் புறப்பட்டது. அது அவர்களை எரித்தது. பலியை ஏற்ற நெருப்பையும் புதல்வர்களைக் கொன்ற நெருப்பையும் விவிலியம் ஒரே எபிரேயச் சொற்களால் வருணிப்பது குறிப்பிடத்தக்கது.

இறைவன் தமக்கு நெருங்கியவர்கள் வழியாகவே தம் தூய்மையை வெளிப்படுத்துவதாக முன்னரே கூறியிருந்தார் என்று மோசே ஆரோனிடம் தெரிவித்தார். ஆரோன் மௌனமாக இருந்தார். அவருடைய உறவினரான மிசவேலும் எல்சாபானும் உடல்களை அவர்களின் அங்கிகளோடு பாளையத்துக்கு வெளியே தூக்கிச் சென்றனர். ஆரோனும் எஞ்சிய புதல்வர்களான எலெயாசார், இத்தாமார் ஆகியோரும் துக்க அடையாளங்களை மேற்கொள்ளக்கூடாது எனவும் பணியை விட்டு வெளியேறக்கூடாது எனவும் கட்டளை பெற்றனர். அதன்பின் குருக்கள் மதுவருந்திவிட்டுப் பணிக்கு வரலாகாது என்ற விதி ஆரோனுக்கு நேரடியாகச் சொல்லப்பட்டது.

எரிக்கப்பட்ட வெள்ளாடு

அதே அதிகாரம் இன்னொரு விதிமீறலோடு முடிகின்றது. குருக்கள் உண்ண வேண்டிய ஒரு பாவநிவாரணப் பலியின் இறைச்சி உண்ணப்படாமல் எரிக்கப்பட்டிருந்தது. மோசே சினமுற்றார். இத்தகைய துயரம் நேர்ந்த நாளில் தாம் அதை உண்டிருந்தால் அது இறைவனுக்கு ஏற்றதாக இருந்திருக்குமா என்று ஆரோன் வினவினார். மோசே அவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

தல்மூத் (செவாகீம் 101அ) இதனைச் சட்ட விவாதமாக விளக்குகின்றது. அந்நாளுக்கு மட்டும் உரிய பலிகளுக்குச் சொல்லப்பட்ட சலுகையை, என்றென்றும் நிலைக்கும் பலிகளுக்கு நீட்டக்கூடாது என்பது ஆரோனின் வாதம். மோசே தாம் அதனைக் கேட்டிருந்தும் மறந்துவிட்டதை வெட்கமின்றி ஒப்புக்கொண்டார் என்றும் அங்குக் கூறப்படுகின்றது. ஆக, ஒரே நாளில் இரண்டு பிறழ்வுகள் நிகழ்ந்தன. ஒன்று சாவில் முடிந்தது, மற்றொன்று ஏற்கப்பட்டது. புதல்வர்கள் தம் உந்துதலின்படி நடந்தனர். தந்தையோ கட்டளையின் பொருளை ஆராய்ந்து நடந்தார். எனவே கட்டளைக்கு உட்படுதல் என்பதை ஆராயாமல் கீழ்ப்படிதல் என்று கொள்வது பொருந்தாது.

ரபிகளின் விளக்கங்கள்

தவறு யாது என்பதை விவிலியம் ஒரே தொடரில் கூறி நிறுத்திவிட்டது. ஆகவே ரபிகள் பல காரணங்களை முன்வைத்தனர். அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

* மதுவருந்திய நிலையில் உட்சென்றனர். இது ரபி இஸ்மவேலின் கருத்து. மது பற்றிய விதி உடனே தொடர்வதே இதற்குச் சான்று.
* தம் ஆசிரியரான மோசேயின் முன்னிலையில், அவரைக் கேளாமல் தாமே சட்டம் தீர்மானித்தனர். இது ரபி எலியேசரின் கருத்து (எருவீன் 63அ). பலிபீடத்தில் குருக்கள் நெருப்பு இடவேண்டும் என்று தோராவில் இருப்பதால், வானிலிருந்து நெருப்பு வந்தாலும் மனிதரும் நெருப்புக் கொணர வேண்டும் என்று அவர்கள் முடிவுசெய்தனராம்.
* ஒருவரையொருவர் கலந்தாலோசிக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கலசத்தை எடுத்ததாகக் கூறப்படுவதை லேவியராகம ரப்பா இவ்வாறு விளக்குகின்றது.
* மோசேயும் ஆரோனும் மறைந்தபின் தாம் தலைமை ஏற்கும் காலத்தை எதிர்பார்த்திருந்தனர் (சனெத்ரீன் 52அ).

இவற்றிலிருந்து வேறுபட்டு நிற்பது 'சிஃப்ரா' என்னும் பழைய உரையின் விளக்கம். புதிய நெருப்பைக் கண்ட மகிழ்ச்சியில், அன்போடு மேலும் அன்பைச் சேர்க்க அவர்கள் எழுந்தனர் என அது கூறுகின்றது. இங்கு மதுவோ ஆணவமோ இல்லை. அன்பின் மிகுதியே அவர்களை அளவு மீறச் செய்தது. பிற்கால உரையாசிரியர் பலர் இவ்விளக்கத்தையே விரித்துரைத்தனர்.

பிற்கால உரைகள்

பிரான்சு நாட்டைச் சேர்ந்த ரஷ்பம் எனப்படும் சாமுவேல் பென் மெயிர் (12ஆம் நூற்றாண்டு), காலவரிசையை மாற்றி நோக்கினார். வானத்து நெருப்பு இறங்கும் முன்பே இருவரும் தூபத்தோடு உட்சென்றுவிட்டனர் என்பது அவர் கருத்து. பொதுவாக மனித நெருப்பு தேவையாயினும், அன்று மட்டும் இறைவனின் நெருப்பு மக்களறிய வெளிப்பட வேண்டியிருந்தது. பலியை எரிக்கப் புறப்பட்ட அதே நெருப்பு வழியில் அவர்களையும் தாக்கியது. இவ்விளக்கத்தின்படி, பிற நாட்களில் சரியான செயல் அன்று கேட்கப்படாததாக இருந்தது.

மொரோக்கோவில் பிறந்து எருசலேமில் மறைந்த ஹயீம் இப்னு அத்தார் (1696–1743), தம் 'ஓர் ஹஹயீம்' உரையில் மிகவும் பரிவான விளக்கத்தைத் தந்தார். இறை நெருக்கத்தின் இனிமையில், உயிர் பிரியும் என்று உணர்ந்தும் அவர்கள் பின்வாங்காமல் சென்றனர் என்பது அவர் கூற்று.

வொலோசின் நகரின் புகழ்பெற்ற யெசிவாவுக்குத் தலைமை தாங்கிய நப்தாலி சுவி யெகூதா பெர்லின் (1816–1893) அதே அன்பை ஓர் ஆபத்தாகக் கண்டார். தோராவின் வரம்புக்குள் நில்லாமல் இறையன்பைத் தேடும் வேட்கையும் ஒரு தீய உந்துதலே என்பது அவர் கருத்து. பிராங்க்பர்ட் நகரில் பணியாற்றிய சாம்சன் ரபாயேல் ஹிர்ஷ் (1808–1888), வழிபடுபவர் தாமே புனைந்த சடங்குகளுக்கு யூத வழிபாட்டில் இடமில்லை என்ற விதியின் சான்றாக இந்நிகழ்வைக் கொண்டார். அவர் வாழ்ந்த செருமனியில் வழிபாட்டுச் சீர்திருத்தம் பற்றிய கடும் விவாதம் நடந்துகொண்டிருந்தது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

கூஸாரி நூலில்

இக்கருத்தை மெய்யியல் நோக்கில் விரிவாகப் பேசிய நூல் 'கூஸாரி' ஆகும். எசுப்பானியாவில் வாழ்ந்த கவிஞர் யூதா ஹலேவி அரபு மொழியில் 1140 அளவில் இதனை எழுதி முடித்தார். கசார் மன்னன் ஒருவனின் கனவோடு நூல் தொடங்குகின்றது. அவனுடைய எண்ணம் படைத்தவனுக்கு உகந்ததாயினும் அவனுடைய செயல் உகந்ததன்று என ஒரு தேவதூதர் கூறுகின்றார். மன்னன் தன் சமயச் சடங்குகளில் மேலும் தீவிரமாக ஈடுபடுகின்றான். கனவு மீண்டும் வருகின்றது. ஆகவே, ஏற்புடைய செயல் எது என்று தேடிப் புறப்படுகின்றான்.

உரையாடலின் நடுவே ஓர் உவமை வருகின்றது. புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரின் மருந்தறைக்குள் அறிவற்றவன் ஒருவன் புகுந்துவிடுகின்றான். மருத்துவர் அங்கு இல்லை. வரும் நோயாளிகளுக்கு அவன் கலங்களிலுள்ள மருந்துகளை எடுத்துக் கொடுக்கின்றான். எந்த மருந்து, எவ்வளவு, யாருக்கு என்பது அவனுக்குத் தெரியாது. குணப்படுத்த வேண்டிய மருந்துகளாலேயே பலர் மடிகின்றனர். ஹலேவியின் நோக்கில், தாமே வகுத்த வழியில் இறைவனை அடைய முயல்பவர் இவனைப் போன்றவர். பொற்கன்றுக்குட்டி நிகழ்வையும் அவர் இவ்வாறே விளக்கினார். மக்கள் இறைவனைக் கைவிட எண்ணவில்லை; கண்ணால் காணத்தக்க ஓர் அடையாளத்தைக் கட்டளையின்றித் தாமே செய்துகொண்டதே அவர்களின் பிழை என்றார்.

ஒப்பிடத்தக்க விவிலிய நிகழ்வுகள்

சவுல்

1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரின் கால்நடைகளை விட்டுவைக்கக்கூடாது என்ற கட்டளையை மன்னன் சவுல் மீறினான். சிறந்த விலங்குகளைப் பலியிடுவதற்காகவே பாதுகாத்ததாகக் காரணம் கூறினான். பலியைவிடக் கீழ்ப்படிதலே மேலானது என்ற கருத்தில் இறைவாக்கினர் சாமுவேல் அவனைக் கண்டித்தார். சவுல் அரசுரிமையை இழந்தான்.

ஊசாவும் தாவீதும்

2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பேழை மாட்டுவண்டியில் ஏற்றப்பட்டபோது மாடுகள் இடறின. பேழையைத் தாங்கிப் பிடித்த ஊசா அங்கேயே இறந்தான். பேழையைத் தோளில் சுமக்க வேண்டும் என்பது எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தின் விதி. முறைப்படி செய்யாததே காரணம் என்று 1 நாளாகமம் 15ஆம் அதிகாரத்தில் தாவீது கூறுகின்றான். மறுமுறை பேழை சுமந்து செல்லப்பட்டபோது, தாவீது தன் முழு வலிமையோடு அதன் முன்னே ஆடினான். அந்த ஆட்டத்தை யாரும் கட்டளையிடவில்லை. அது தண்டிக்கப்படவும் இல்லை. விதிக்கப்பட்ட முறையின் உள்ளே உணர்ச்சிப் பெருக்குக்கு இடமுண்டு என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். தொழுகைக் கூடங்களில் நாதாப், அபியூ வரலாறு வாசிக்கப்படும் 'செமினி' என்னும் வாரப்பகுதிக்கு, இந்த அதிகாரமே இறைவாக்கினர் நூல் வாசகமாக இணைக்கப்பட்டுள்ளது.

யெப்தா

நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்தில், வெற்றியோடு திரும்பினால் தன் வீட்டு வாயிலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியாக்குவேன் என்று யெப்தா நேர்ந்துகொண்டான். அவனுடைய ஒரே மகள் வெளியே வந்தாள். இத்தகைய பலியை இறைவன் ஒருபோதும் கட்டளையிடவில்லை என்று தல்மூத் (தாஅனித் 4அ) வலியுறுத்துகின்றது. எரேமியா 7ஆம் அதிகாரமும் பிள்ளைகளைத் தீயில் இடும் வழக்கத்தைக் கண்டிக்கையில், தாம் கட்டளையிடாதது என்று இறைவன் கூறுவதாகவே குறிப்பிடுகின்றது. லேவியராகமத்தில் அந்நிய நெருப்பைக் குறித்து வரும் அதே வினைச்சொல் அங்கும் வருகின்றது. கேட்கப்படாத காணிக்கையின் விலையைப் பிறர் செலுத்த நேரிடலாம் என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

கட்டளையும் விருப்பமும்

கட்டளை பெற்றுச் செய்பவர், கட்டளை பெறாமல் செய்பவரைவிட மேலானவர் என்பது ரபி ஹனினாவின் கூற்று (கித்துஷீன் 31அ). தானே விரும்பிச் செய்வதே உயர்ந்தது என்ற பொதுவான எண்ணத்துக்கு இது நேர்மாறானது. பெற்றோரை மதிப்பதில் சிறந்து விளங்கிய அஸ்கலோன் நகரத்துத் தாமா பென் நெதினாவின் கதையோடு இது சொல்லப்பட்டுள்ளது. அவர் யூதர் அல்லர். உறங்கும் தந்தையை எழுப்ப மனமின்றிப் பெரும் வணிக ஆதாயத்தை விட்டவர். கட்டளை பெறாத அவருக்கே இத்தகைய நற்பேறு என்றால், கட்டளை பெற்றுச் செய்பவருக்கு எவ்வளவு என்று ரபி ஹனினா வாதிட்டார்.

அங்கேயே பார்வையற்ற அறிஞரான ராவ் யோசேப்பின் அனுபவம் இடம்பெறுகின்றது. பார்வையற்றோருக்குக் கட்டளைகளிலிருந்து விலக்கு உண்டு என்னும் ரபி யூதாவின் கருத்தே சட்டம் என யாரேனும் உறுதிசெய்தால், தாம் அறிஞர்களுக்கு விருந்து வைப்பதாக அவர் முதலில் கூறினார். கடமையின்றியே தாம் அனைத்தையும் செய்வதால் அது பெருமை என அவர் எண்ணினார். ரபி ஹனினாவின் கூற்றைக் கேட்டபின், தமக்கு விலக்கு இல்லை என்று உறுதிசெய்பவருக்கே விருந்து என மாற்றிக்கொண்டார்.

கட்டளை பெற்றவர் எங்கே தவறிவிடுவோமோ என்ற கவலையோடு செய்கின்றார்; மற்றவரோ விரும்பியபோது விட்டுவிடலாம் என்று 'தோசஃபோத்' உரை இதற்குக் காரணம் கூறுகின்றது.

சமயச் சட்டத்தில்

கூட்டாமையும் குறைக்காமையும்

உபாகமம் 4, 13ஆம் அதிகாரங்களில் (பிற மொழிபெயர்ப்புகளில் 12ஆம் அதிகார இறுதி) கட்டளைகளோடு எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று விதிக்கப்பட்டுள்ளது. கூட்டாமை விதி 'பல் தோசிஃப்' எனப்படும். மைமோனிடிசு (1138–1204), ரபிகள் ஏற்படுத்திய விதியைத் தோராவின் விதியெனக் கூறுவதும் இத்தடையை மீறுவதாகும் என்றார். இறைச்சியும் மதுவும் துறந்து வாழ்வதைச் சிறப்பாகக் கொள்பவர் தவறிழைப்பதாகவும் அவர் எழுதினார்.

சுக்கா

கூடாரத் திருவிழாவின் ஏழு நாட்களும் 'சுக்கா' என்னும் தற்காலிகக் குடிலில் உண்டு உறங்க வேண்டும். மழை பெய்தால் வெளியேறலாம். மிஷ்னா (சுக்கா 2:9) இதற்கு ஓர் உவமை கூறுகின்றது. கிண்ணத்தில் பானம் ஊற்றவந்த ஊழியனின் முகத்தில் தலைவனே குடத்து நீரை வீசுவதைப் போன்றது அம்மழை. விலக்குப் பெற்ற பின்னும் குடிலிலேயே அமர்ந்திருப்பவருக்கு நற்பலன் இல்லை எனவும், அவர் அறிவிலி எனவும் போலந்து அறிஞர் மோசே இசர்லெசு (16ஆம் நூற்றாண்டு) தீர்ப்பளித்தார்.

ஷோபார்

புத்தாண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவது தோராவின் கட்டளை. ஆயினும் அந்நாள் ஓய்வுநாளில் வந்தால் மரபுவழித் தொழுகைக் கூடங்களில் அது ஊதப்படுவதில்லை. ஊதக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர் கொம்பைப் பொதுவழியில் சுமந்து சென்று ஓய்வுநாளை மீறிவிடலாம் என்பதே தல்மூத் (ரோஷ் ஹஷானா 29ஆ) தரும் காரணம். ஆண்டின் மிக உணர்ச்சிகரமான சடங்கை ஆயிரக்கணக்கானோர் அமைதியாக விட்டுவிடுகின்றனர். செய்வது எவ்வளவு தொண்டோ, செய்யாமலிருப்பதும் அவ்வளவு தொண்டாக இங்கு கருதப்படுகின்றது.

நோயாளியின் நோன்பு

இக்கோட்பாடு உயிரோடு தொடர்புறும் இடம் யோம் கிப்பூர் எனப்படும் பாவநிவாரண நாளின் நோன்பு ஆகும். ஏறத்தாழ 25 மணிநேரம் உணவும் நீரும் தவிர்க்கப்படும். யூத நாட்காட்டியில் இதைவிடக் கடுமையான நோன்பு இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற நிலையில் நோயாளி உண்டே ஆகவேண்டும். கட்டளைகளால் மனிதர் வாழவேண்டும், சாகக்கூடாது என்பது லேவியராகமம் 18ஆம் அதிகாரத்துக்குத் தல்மூத் (யோமா 85ஆ) தரும் விளக்கம்.

விதிகள் நுணுக்கமானவை. உணவு வேண்டும் என்று நோயாளி கூறி, வேண்டாம் என்று மருத்துவர் கூறினால், நோயாளியின் சொல்லே ஏற்கப்படும். வேண்டும் என்று மருத்துவர் கூறி, வேண்டாம் என்று நோயாளி கூறினால், மருத்துவரின் சொல் ஏற்கப்படும். இரு நிலையிலும் உயிரின் பக்கமே சட்டம் சாய்கின்றது. இயலுமானால் சிறு அளவுகளாக, ஏறத்தாழ 30 மில்லிலீட்டருக்கு மேற்படாமல், சில நிமிட இடைவெளியில் உண்பது பொதுவான நடைமுறை. அதற்கும் அவகாசம் இல்லையெனில் வழக்கம்போல் உண்ணவேண்டும்.

வாழ்நாள் முழுதும் நோன்பிருந்த முதியவர் ஒருவருக்கு அன்று உண்பது பட்டினியைவிடக் கடினமாக இருக்கலாம். நோன்பை விடமறுப்பது அவருக்குப் பக்தியாகத் தோன்றும். சட்டத்தின் பார்வையிலோ அது அந்நிய நெருப்பைப் போன்றதே. நேற்றுவரை நோன்பைக் கேட்ட அதே கட்டளை இன்று உண்ணுதலைக் கேட்கின்றது.

1848ஆம் ஆண்டில் வில்னா நகரில் வாந்திபேதி பரவியபோது, யோம் கிப்பூர் அன்று மக்கள் உண்ணவேண்டும் என்று ரபி இஸ்ரவேல் சலாந்தர் (1810–1883) அறிவித்த செய்தி பல வடிவங்களில் வழங்குகின்றது. அவரே தொழுகைக் கூடத்தில் அனைவர் முன்னும் உண்டு காட்டினார் என்பது ஒரு வடிவம். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோதும் மரபுவழி அமைப்புகள் பல தொழுகைக் கூடங்களை மூடச்செய்தன. பத்துப் பேர் கூடிச் செய்யும் தொழுகையையும் இறந்தோருக்கான 'கதீஷ்' மன்றாட்டையும் விட்டு, வீட்டில் தனித்துத் தொழுவதே அப்போது கடமை என ரபிகள் தீர்ப்பளித்தனர்.

அறிவற்ற பக்தர்

மிஷ்னா (சோத்தா 3:4) உலகை அழிப்போர் வரிசையில் 'அறிவற்ற பக்தர்' ஒருவரைச் சேர்த்துள்ளது. ஆற்றில் மூழ்கும் பெண்ணைப் பார்ப்பது தகாது என்று எண்ணி அவளைக் காப்பாற்றாமல் விடுபவரே அவர் என்று தல்மூத் விளக்குகின்றது. தம் தூய்மையைக் காக்கும் முயற்சியில் பிறர் உயிரைக் கைவிடுபவர் இறைவனுக்குத் தொண்டு செய்யவில்லை என்பது இதன் கருத்து.

உள்ளத்தின் இடம்

கட்டளையை வலியுறுத்தும் இதே மரபு, உள்ளம் ஈடுபடாத செயலையும் ஏற்பதில்லை. தொழுகையை வெறும் வழக்கமாக ஆக்கிக்கொள்பவரின் தொழுகை உண்மையான மன்றாட்டு ஆகாது என்று ரபி எலியேசர் கூறினார் (பெராகோத் 4:4). விருப்பக் காணிக்கை தோராவிலேயே ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் அதற்கும் விலங்கு, இடம், முறை ஆகியவை விதிக்கப்பட்டுள்ளன.

இறைவாக்கினர்களின் கண்டனத்தையும் இவ்விடத்தில் நோக்க வேண்டும். ஏசாயா, ஆமோசு ஆகியோர் பலிகளையும் விழாக்களையும் கடுமையாகச் சாடினர். வழிபாட்டின் முறை சரியாக இருந்தது, நீதி இல்லை. மக்கள் தமக்கு எளிதானதைத் தந்து, கேட்கப்பட்டதைத் தராமல் விட்டனர். ஏழைகளை ஒடுக்கிக்கொண்டே நோன்பிருப்பவர்களைக் கண்டிக்கும் ஏசாயா 58ஆம் அதிகாரம், யோம் கிப்பூர் காலைத் தொழுகையிலேயே வாசிக்கப்படுகின்றது. அதே காலையில் வாசிக்கப்படும் லேவியராகமம் 16ஆம் அதிகாரம், ஆரோனின் இரு புதல்வர்கள் இறந்ததை நினைவூட்டித் தொடங்கி, தலைமைக் குரு எவ்வாறு உட்செல்லலாம் என்பதை விவரிக்கின்றது. அவ்வாறு, புதல்வர்கள் இறந்த அதே பணிக்குத் தந்தைக்குப் பாதுகாப்பான வழி வகுக்கப்பட்டது. அவரும் கலசத்தில் நெருப்பும் தூபமும் ஏந்தியே உட்செல்கின்றார்.

தீர்மானிப்பவர் யார்

இறைவன் கேட்பது இன்னதென்று யார் அறிவிப்பது என்ற கேள்வி இயல்பாகவே எழுகின்றது. மிஷ்னா (ரோஷ் ஹஷானா 2:8–9) கூறும் நிகழ்வில், பிறை கண்ட சாட்சிகளை ரப்பான் கமாலியேல் ஏற்க, ரபி யோசுவா அச்சாட்சியத்தை ஐயுற்றார். யோசுவாவின் கணக்கில் யோம் கிப்பூராக அமையும் நாளில், கைத்தடியும் பணமும் ஏந்தித் தம்மிடம் வருமாறு கமாலியேல் பணித்தார். பண்டிகை நாட்கள் நீதிமன்றம் அறிவிப்பதாலேயே புனிதமாகின்றன என்று ரபி அக்கிபா அவரைத் தேற்றினார். யோசுவா சென்றார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டார். ஆக, இறைவனின் விதிமுறைகளை அறியும் பொறுப்பு வாதிடும் மனிதர்களிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. வானத்துக் குரலையும் பெரும்பான்மைத் தீர்ப்பு மேற்கொண்டதாகத் தல்மூத் (பாவா மெத்சியா 59ஆ) கூறும் புகழ்பெற்ற நிகழ்வும் இதனையே காட்டுகின்றது.

மாற்றுக் கருத்துகள்

18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய ஹசிதிய இயக்கம், உள்ளத்தின் எழுச்சியை முதன்மைப்படுத்தியது. உள்ளம் ஆயத்தமாகும் வரை தொழுகை நேரத்தைத் தள்ளிப்போடும் சிலரின் வழக்கம் எதிர்ப்புக்கு உள்ளானது. 1772ஆம் ஆண்டில் வில்னாவில் அவ்வியக்கத்தினர் மீது விலக்கு ஆணை பிறப்பிக்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் பூபர் (1878–1965), இறைவெளிப்பாடு சட்டம் வழங்குதல் அன்று என்று கருதி, தமக்கு நேரடியாக உரைக்கப்பட்டதாக உணராத விதியை ஏற்க இயலாது என்றார். அவருடைய நண்பர் பிரான்சு ரோசன்சுவைக் (1886–1929), சட்டத்தைச் செய்துபார்ப்பதன் வழியே அது கட்டளையாகக் கேட்கத் தொடங்கும் என்று 1923ஆம் ஆண்டில் பூபரை நோக்கி எழுதினார். மறுபுறத்தில் இசுரேலிய அறிஞர் யெசாயாகு லைபோவிட்சு (1903–1994), வழிபாடு மனிதரின் எந்தத் தேவையையும் நிறைவுசெய்வதற்காக அன்று, கடமை என்பதற்காக மட்டுமே என்ற கடும் நிலைப்பாட்டை எடுத்தார். சீர்திருத்த யூதமோ சடங்கு விதிகளின் கட்டாயத்தைத் தனிமனிதரின் அறிவுக்கும் மனச்சான்றுக்கும் உட்படுத்துகின்றது.

இவர்களுள் எவரும் இறைவனுக்குத் தொண்டு வேண்டாம் என்று கூறவில்லை. தம் உள்ளத்தின் குரலையும் கட்டளையின் குரலையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவது என்பதிலேயே கருத்து வேறுபாடு உள்ளது.

இவற்றையும் பார்க்க

* ஆரோன்
* தோரா
* யோம் கிப்பூர்
* யூதா ஹலேவி
* ஹசிதிய யூதம்